கழுநீர்த் தொட்டியும் எரிவாயுக் கலமும்

‘குப்பை’ என்ற சொல்லுக்கு நகரத்தில் ஒரு பொருள். கிராமத்தில் வேறு பொருள். நகரவாசி அதைச் சொல்லும்போதே முகத்தைச் சுளிக்கிறார். உழவரோ, “இந்த வருஷம் கொல்லைக்கு இருபது வண்டி குப்பை அடித்தேன்” என்று பெருமையோடு சொல்கிறார். அவருக்குக் குப்பை என்பது எரு. பயிருக்கு இடும் உணவு. உழவைப் பற்றிய அதிகாரத்தில் திருவள்ளுவரும் எரு இடும் தொழிலை உழும் தொழிலுக்கு ஒரு படி மேலாகவே வைத்துப் பேசுகிறார். ஒரே பொருள் ஓரிடத்தில் அருவருப்புக்கும் இன்னோரிடத்தில் மதிப்புக்கும் உரியதாவது எப்படி? இன்றைய பேச்சில் இதையே ஆராய விரும்புகிறேன்.

மாணவ நண்பர்களே, உங்கள் பாட்டியாரைக் கேட்டுப் பாருங்கள். அவர் வாழ்ந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் கழுநீர்த் தொட்டி என்று ஒன்று இருந்திருக்கும். அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், மிஞ்சிய சோறு எல்லாம் அதில் சேரும். மாலையில் வீட்டுப் பசுவோ, பால்காரருடைய எருமையோ வந்து அதைக் குடித்துத் தீர்த்துவிடும். அது பாலாகத் திரும்பி வரும். சாணமாகவும் திரும்பி வரும். சாணம் எருக்குழி வழியாக வயலுக்குப் போகும். ‘உணவுக் கழிவு’ என்று ஒரு தொடரே அந்த வீட்டாருக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் அந்தக் காலத்தை அளவுக்கு மீறிப் புகழ எனக்கு விருப்பமில்லை. சாணத்தில் ஒரு பெரும் பகுதி எருக்குழிக்குப் போகவே இல்லை. வறட்டியாகி அடுப்புக்குப் போயிற்று. வறட்டி எரியும்போது அதிலிருந்த தழைச்சத்து புகையோடு போய்விடும். அந்தப் புகையைச் சுவாசித்த பெண்களின் கண்ணும் நுரையீரலும் கெட்டன. எரிபொருள் வேண்டுமானால் எருவை இழக்க வேண்டும். எரு வேண்டுமானால் எரிபொருளை இழக்க வேண்டும். இந்த இக்கட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு விடை உண்டு என்பதைத்தான் பின்னால் சொல்லப் போகிறேன்.

இப்பொழுது பசு நகரத் தெருவை விட்டுப் போய்விட்டது. கொல்லைப்புறம் இருந்த இடத்தில் மாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. கழிவு மட்டும் குறையவில்லை. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, 2022-இல் உலகில் வீணான உணவு, தோலும் எலும்பும் உட்பட, 105 கோடி டன். அதில் ஏறத்தாழ 63 கோடி டன் வீடுகளிலிருந்து வந்தது. கடைகளும் உணவு விடுதிகளும் சேர்ந்து கொட்டியதைவிட நம் சமையலறைகள் கொட்டியது அதிகம்.

இது போய்ச் சேரும் இடம் ஊருக்கு வெளியே உள்ள குப்பைமேடு. அங்கே பழத்தோலும் கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக் உறையும் ஒன்றன்மேல் ஒன்றாக மலைபோல் குவிகின்றன. மேட்டின் அடிவயிற்றில் காற்று புகுவதில்லை. காற்றில்லாத இடத்தில் உணவுப்பொருள் அழுகினால் மீதேன் என்னும் வாயு உண்டாகும். அது எரியக்கூடிய வாயு. ஆகையால்தான் குப்பைமேடுகள் அடிக்கடி தீப்பற்றுகின்றன. சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாக அமைந்த பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரல் மாத இறுதியில் பற்றி, பல நாட்கள் புகைந்தது பலருக்கு நினைவிருக்கும். தீப்பற்றாமல் வானில் கலந்துவிட்டாலும் மீதேன் தீங்கற்றதல்ல. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு அதிகமாகப் பூமியின் உஷ்ணத்தைத் தேக்கி வைக்கிறது. நம் வீட்டு அடுப்பில் எரிந்திருக்க வேண்டிய வாயு வானத்தை வெதுப்பிக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம்.

உணவுப்பொருள் அழுகுவதற்கு இரண்டு வழிகள் உண்டு: காற்றோடு அழுகுவது, காற்றின்றி அழுகுவது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

காற்றுள்ள இடத்தில் நுண்ணுயிர்கள் உணவை உண்ணும்போது, பிராணவாயுவின் துணையால் அதை முற்றும் எரித்துவிடுகின்றன. நெருப்புத்தான் தெரியவில்லையே தவிர, அதுவும் ஒருவகை எரிதலே. புதிதாக அடுக்கிய எருக்குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள், சுடும். 60 டிகிரி வரைகூட உஷ்ணம் ஏறுவதுண்டு. கடைசியில் கிடைப்பது நல்ல எரு. ஆனால் உணவில் இருந்த சக்தி உஷ்ணமாகக் காற்றில் கலந்து போய்விட்டது.

காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்களால் இப்படி எரிக்க முடியாது. அவை உணவை உடைக்கின்றன. உடைப்பதில் கிடைக்கும் சிறிது சக்தியைக் கொண்டு வாழ்கின்றன. மீதிச் சக்தி எங்கே போகிறது? அது மீதேனுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சர்க்கரையை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், அதில் இருந்த சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அதிலிருந்து பிறக்கும் மீதேனில் இருக்கக் காண்கிறோம். நுண்ணுயிர் மிகச் சிக்கனமான கூலிக்கு வேலை செய்துவிட்டு, முதலை அப்படியே நம்மிடம் ஒப்படைக்கிறது. நாம் செய்ய வேண்டியதெல்லாம் அது காற்றில் தப்பிவிடாமல் ஒரு மூடிய கலத்தில் பிடித்து வைப்பதுதான்.

இந்த வாயுவை முதலில் கவனித்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா. மின் அழுத்தத்தின் அளவுக்கு ‘வோல்ட்’ என்று பெயர் வரக் காரணமானவர் அவரே. 1776-ஆம் ஆண்டில் மஜோரே என்ற ஏரியின் கரையில், சேற்றை ஒரு கோலால் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்துத் தீ வைத்துப் பார்த்தார். நீல நிறத்தில் எரிந்தது. நம் ஊர்க் குளத்துச் சேற்றைக் கிளறினாலும் அதே குமிழிகள்தாம் வரும்.

இனிக் கலத்துக்குள் நடப்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நீருடன் கரைத்து ஊற்றிய கழிவை ஒரே வகை நுண்ணுயிர் செரிப்பதில்லை. பல கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. முதற் கூட்டம் சோற்றில் உள்ள மாவுப்பொருளையும், பருப்பில் உள்ள புரதத்தையும், எண்ணெயையும் நீரில் கரையக்கூடிய சிறு துண்டுகளாக உடைக்கிறது. அடுத்த கூட்டம் அவற்றைப் புளிக்க வைத்து அமிலங்களாக்குகிறது. காடியின் புளிப்புக்குக் காரணமான அமிலம் இவற்றுள் முக்கியமானது. கடைசிக் கூட்டம் அந்த அமிலத்தை உண்டு மீதேனை வெளியிடுகிறது. இந்தக் கடைசிக் கூட்டத்தாரை நெடுங்காலம் பாக்டீரியா என்றே எண்ணி வந்தார்கள். 1977-ஆம் ஆண்டில் கார்ல் வோஸ், ஜார்ஜ் பாக்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர், இவை பாக்டீரியா குலத்தையே சேராதவை என்று காட்டினார்கள். இன்று இவற்றை ஆர்க்கியா என்று தனியாகப் பிரித்து வழங்குகிறோம். பிராணவாயு பட்டாலே இவற்றுக்கு ஆபத்து. ஆகவேதான் கலத்தைக் காற்றுப் புகாமல் மூட வேண்டியிருக்கிறது.

இவை வேறு எங்கே வாழ்கின்றன, தெரியுமா? பசுவின் முதல் இரைப்பையில்! கழுநீரைக் குடித்த பசுவின் வயிற்றில் இதே வேலைதான் நடந்துகொண்டிருந்தது. அது அசைபோட்டு ஏப்பம் விடும்போது மீதேனும் வெளிவந்தது. புதிய கலத்தைத் தொடங்கும்போது ஒருமுறை சாணக் கரைசலை ஊற்ற வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பாலுக்குப் பிரை ஊற்றுவது போன்றது அது. எரிவாயுக் கலத்தைப் பசுவின் வயிற்றைப் பார்த்துச் செய்த ஒரு பெரிய பாத்திரம் என்று சொன்னால் தவறாகாது.

சாணத்தை மட்டும் கொண்டு இயங்கும் கலம் நம் நாட்டுக்குப் பழையதே. கிராமத்தார் ‘கோபர் காஸ்’ என்று சொல்வது அதைத்தான். கதர் கிராமத் தொழில் கமிஷன் 1960-களிலிருந்து அதைப் பரப்பி வந்தது. ஆனால் சாணம் என்பது பசு ஒருமுறை செரித்து, வேண்டிய சக்தியை எடுத்துக்கொண்டு தள்ளிய சக்கை. ஒரு கிலோ சாணத்திலிருந்து சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும். பழைய சோறும் காய்கறித் தோலும் கலந்த ஒரு கிலோ சமையலறைக் கழிவோ சுமார் 100 லிட்டர் தரும். அதில் பாதிக்கு மேல் மீதேன். எஞ்சியது பெரும்பாலும் கரியமில வாயு. அழுகிய முட்டை நாற்றமுடைய ஒரு வாயுவும் சிறிதளவு கலந்திருக்கும். வாயுவைத் துருப்பிடித்த இரும்புத் துகளின் வழியாகச் செலுத்தினால் அந்த நாற்றம் நீங்கிவிடும்.

சாணத்தை விட்டு மாவும் சர்க்கரையும் உள்ள கழிவையே நேராக ஊட்டும் சிறு கலத்தை வீடுகளுக்கென்று பரப்பியவர், பூனாவைச் சேர்ந்த தாவர விஞ்ஞானி ஆனந்த் கார்வே. அவர் நிறுவிய கிராமத் தொழில்நுட்ப நிறுவனம் இந்தக் கலத்துக்காக 2006-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆஷ்டன் பரிசைப் பெற்றது. பெண் கல்விக்காக உழைத்த மகரிஷி கார்வேயின் பேரர் அவர். மானிடவியல் அறிஞர் இராவதி கார்வேயின் புதல்வர். பிளாஸ்டிக் நீர்த்தொட்டிகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்து வைத்தது போன்றது அவருடைய கலம். வாயு சேரச் சேர மேல் தொட்டி உயரும். செலவாகச் செலவாகத் தாழும். இன்று எவ்வளவு வாயு இருக்கிறது என்பதைக் கருவி எதுவுமின்றிக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சமையலறைக் கழிவு இவ்வளவு வேகமாகச் செரிப்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ஒரு கல்லூரி விடுதியில் அதை நேரில் பார்த்தேன். விழா ஒன்றுக்கு மறுநாள், மிஞ்சிய பாயசம், சோறு, எலுமிச்சைத் தோல் என்று வழக்கத்தைப் போல் நான்கு மடங்கை ஒரே நாளில் கலத்தில் கொட்டிவிட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் அடுப்பைப் பற்ற வைத்தால் தீக்குச்சிதான் அணைந்தது. கலம் நிறைய வாயு இருந்தது. ஆனால் பெரும்பகுதி கரியமில வாயு. கரைசலை மோந்து பார்த்தேன், காடி நாற்றம். சமையல்காரர் என்னைப் பார்த்து, “மாட்டுக்கு வயிறு ஊதினால் வைத்தியரைக் கூப்பிடலாம், இதற்கு யாரைக் கூப்பிடுவது?” என்று கேட்டார். அவர் வேடிக்கையாகச் சொன்னாலும் நோயைச் சரியாகவே கணித்திருந்தார்.

நடந்தது இதுதான். அமிலம் செய்யும் கூட்டம் சில மணி நேரத்திலேயே இரட்டித்துப் பெருகும். மீதேன் செய்யும் கூட்டம் பெருகுவதற்குப் பல நாட்கள் ஆகும். ஒரு கல்யாணச் சமையலில் காய் நறுக்குகிறவர்கள் இருபது பேரும் அடுப்பில் நிற்பவர் ஒருவருமாக இருந்தால் என்ன ஆகும்? நறுக்கிய காய் குவிந்து கிடக்கும். அதுபோல அமிலம் குவிந்துவிட்டது. அந்தப் புளிப்பைத் தாங்காமல் மீதேன் கூட்டம் மேலும் நலிந்தது. பசு இந்தத் தொல்லைக்கு ஒரு தற்காப்பு வைத்திருக்கிறது. அசைபோடும்போது குடம் குடமாக ஊறும் அதன் உமிழ்நீர் காரத்தன்மை உடையது. அது புளிப்பை முறித்துவிடும். நம் கலத்துக்கு உமிழ்நீர் இல்லை. ஆகவே விடுதியில் சில நாட்கள் உணவு ஊட்டுவதை அடியோடு நிறுத்தினார்கள்; சிறிது சுண்ணாம்பு நீரும் இரண்டு கூடை புதுச் சாணமும் கரைத்து ஊற்றினார்கள். மூன்று வாரம் கழித்து நீலச் சுடர் மீண்டும் வந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு கலம் வைத்தால் எரிபொருள் பஞ்சம் தீர்ந்துவிடும் என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நால்வர் கொண்ட குடும்பத்தில் நாளொன்றுக்கு ஒரு கிலோ ஈரக் கழிவு சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பது 100 லிட்டர் வாயு. ஓர் அடுப்பு பதினைந்து அல்லது இருபது நிமிஷம் எரியும். காலைக் காப்பிக்குப் போதும், சாம்பாருக்குப் போதாது. மாதம் முழுவதும் சேர்த்தாலும் ஒரு வீட்டுச் சிலிண்டரில் பத்தில் ஒரு பங்குதான். அண்டை வீடுகளின் கழிவையும் வாங்கிப் போட்டால்தான் தனி வீட்டுக் கலம் பயன் தரும். ஆனால் நாள்தோறும் 60 கிலோ கழிவு சேரும் ஒரு மாணவர் விடுதிக்கு மாதம் ஆறு சிலிண்டருக்குச் சமமான வாயு கிடைத்துவிடும். அதனால் இது விடுதிக்கும், உணவகத்துக்கும், தெருவுக்கும், ஊருக்கும் ஏற்ற கருவி என்பதே என் கருத்து.

முன்பு சொன்ன இக்கட்டை இப்பொழுது எடுத்துக்கொள்வோம். கலத்திலிருந்து வாயுவாக வெளியேறுபவை பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் பிராணவாயுவுமே. இம்மூன்றையும் பயிர் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் இலவசமாகப் பெற்றுக்கொள்ளும். அதற்கு மண்ணிலிருந்து வேண்டியவை தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும். அவை ஏறக்குறைய முழுவதும் கரைசலிலேயே தங்கிவிடுகின்றன. அதோடு, தழைச்சத்தில் ஒரு பகுதி பயிர் உடனே உறிஞ்சக்கூடிய அம்மோனியா வடிவத்துக்கு மாறியும் விடுகிறது. வறட்டி அடுப்பில் இழந்ததை இங்கே இழக்கவில்லை. வாயு அடுப்புக்கு, கரைசல் வயலுக்கு. வெயிலில் காயவிட்டால் மட்டும் அம்மோனியா பறந்துவிடும்; ஆகையால் கரைசலை நீர் கலந்து, சீக்கிரமே மண்ணில் சேர்ப்பது நல்லது.

இவ்வளவும் ஒரு நிபந்தனையின் பேரில்தான் நடக்கும். கலத்துக்குள் போவது உணவுக் கழிவாக மட்டுமே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை மேலே மிதந்து ஏடுபோல் படிந்து வாயுவை அடைக்கும். பழைய மின்கலம் ஒன்று உள்ளே போனால் அதன் நச்சு உலோகம் எருவோடு வயலுக்குப் போய், அங்கிருந்து கீரைக்கு வரும். கலந்துவிட்ட பிறகு பிரிப்பது பெரும் செலவு; பிரித்தாலும் சுத்தமாவதில்லை. அந்தப் பிரிப்பை யந்திரத்தைவிட அதிகமாக மனிதர்களின் கைகளே செய்துவந்திருக்கின்றன. சவரத் தகட்டையும் உடைந்த குப்பியையும் சோற்றோடு கலந்து போட்டவருக்குப் பிரிக்கும் வேலை அரை நிமிஷம். போடாமல் விட்டதன் பலனைத் தம் விரல்களில் அனுபவிப்பவர் துப்புரவுத் தொழிலாளி. வீட்டிலேயே ஈரம், உலர்ந்தது, ஆபத்தானது என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு விதி செய்தது.

அந்த விதியைச் சிரத்தையோடு நிறைவேற்றிய ஊர் மத்தியப் பிரதேசத்து இந்தூர். அங்கே வீட்டு வாசலுக்கு வரும் வண்டியில் தனித் தனி அறைகள் உண்டு. ஈரக் கழிவு தனியாகவே போய்ச் சேருவதால், 2022 பிப்ரவரியில் அங்கே ஒரு பெரிய எரிவாயு நிலையம் திறக்க முடிந்தது. நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவைச் செரித்து, சுமார் 17,000 கிலோ சுத்திகரித்த வாயுவும் 100 டன் எருவும் தரும் அளவில் அதை அமைத்தார்கள். கரியமில வாயுவை நீக்கி அழுத்திய அந்த வாயு நகரப் பேருந்துகளை ஓட்டுகிறது. இதே இந்தூரில்தான் 1924 முதல் 1931 வரை ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கில விஞ்ஞானி, நம் உழவர்களிடமும் பாடம் கேட்டு, காற்றோடு மக்கச் செய்யும் முறையை ஒழுங்குபடுத்தி ‘இந்தூர் முறை’ என்ற பெயரில் உலகுக்குத் தந்தார். அழுகலின் இரண்டு வழிகளுமே அந்த ஊரின் சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டன.

கலம் வைக்க இடமில்லாத மாடி வீட்டார்க்கு ஹோவர்டின் வழியே ஏற்றது. பக்கவாட்டில் துளையிட்ட மண்பானை ஒன்று போதும். ஒரு கை காய்கறித் தோலுக்கு இரண்டு கை காய்ந்த சருகு அல்லது மரத்தூள் போட வேண்டும். சமையலறைக் கழிவில் தழைச்சத்தும் ஈரமும் மிகுதி. சருகில் கார்பன் மிகுதி. இரண்டும் சேர்ந்தால்தான் நுண்ணுயிர்களுக்கு ஒத்துக்கொள்ளும். சருகு காற்றுக்கும் இடைவெளி தருகிறது. வாரம் இரண்டு முறை கிளற வேண்டும். பானை நிறைந்தபின் இரண்டு மாதமோ மூன்று மாதமோ மூடி வைக்க வேண்டும்.

எரு முதிர்ந்ததை அறிய எளிய வழி மோந்து பார்ப்பதே. கோடைக்குப் பிறகு முதல் மழை விழுந்தவுடன் எழும் மண்வாசனை உங்களுக்குத் தெரியும். மண்ணில் வாழும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பொருளே அந்த வாசனைக்குப் பெரிதும் காரணம். உணவு முழுவதும் மக்கித் தீரும் கட்டத்தில் அவை பானையிலும் பெருகுகின்றன. மூடியைத் திறந்தவுடன் அந்த மண்வாசனை வந்தால் எருவைச் செடிக்கு இடலாம். புளித்த நாற்றம் வந்தால் இன்னும் நாலு கை சருகு போட்டுக் கிளறிவிட்டு, பத்து நாள் பொறுத்திருக்க வேண்டும்.